ஒரு வீட்டுக்கு ஒன்று

சட்சுகி: என்னது… பொறுக்கலாமா?

மசனோரி: ஆமா. கொஞ்சம் பொறுத்து வாங்கலாம்னு சொன்னேன்.

சட்சுகி: இது உங்க வாயிலேர்ந்துதான் வந்துதா? இல்ல பின்னாடி டேபிள்ல எவனாவது பேசறானா?

மசனோரி: மெதுவா பேசு. ஞாயித்துக்கிழமை. ஓட்டல் நிறைய ஆளு.

சட்சுகி: இருக்கட்டும். அவங்களும் கேக்கட்டும். நாலு மாசமா அந்த மிஷின் வாங்க கடை கடையா குலுக்கல்ல பேர் போட்டது யாரு?

மசனோரி: நான்தான்.

சட்சுகி: அஞ்சு தடவையும் ‘வருந்துகிறோம்’னு மெயில் வந்தப்ப சோறு இறங்காம உக்காந்திருந்தது யாரு?

மசனோரி: சோறு இறங்கிச்சு. கொஞ்சம் கம்மியா இறங்கிச்சு, அவ்வளவுதான்.

சட்சுகி: இப்ப என் பேருக்கு விழுந்திருக்கு. மொத தடவையே விழுந்திருக்கு. ரெண்டு மாடி கீழே கடைக்கு இறங்கினா புது கேம் மிஷின் கையில. அஞ்சு மணிக்குள்ள வாங்கலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. மணி இப்ப நாலு. இந்த நேரம் பார்த்து ‘பொறுக்கலாம்’…

மசனோரி: உன் மெலன் சோடா நுரை வழியுது பாரு. துடை.

சட்சுகி: நுரை கிடக்கட்டும். காரணம் சொல்லுங்க.

மசனோரி: காரணம் என்ன… எல்லாரும் சொல்றதுதான். மொத மொத வர்ற சரக்குல எப்பவும் கோளாறு இருக்கும். சூடாகுமாம். மடியில வெச்சா தொடை வேகுமாம்.

சட்சுகி: நீங்க மடியில வெச்சு ஆடறவரா? நெஞ்சு மேல வெச்சுக்கிட்டுத் தூங்கறவர்.

மசனோரி: நெஞ்சு அதை விட மோசமில்லையா?

சட்சுகி: சரி. அடுத்த காரணம்?

மசனோரி: அடுத்ததா… இலையுதிர் காலத்துல வேற நிறம் விடப் போறாங்களாம். திரையும் இன்னும் பளிச்சுனு இருக்குமாம்.

சட்சுகி: யாரு சொன்னா?

மசனோரி: நெட்ல.

சட்சுகி: நெட்ல யாரு?

மசனோரி: யாரோ ஒருத்தர்… விஷயம் தெரிஞ்சவர்.

சட்சுகி: ஜனவரியில நான் இதையே சொன்னேன். ‘அவசரம் என்ன, பழசு நல்லாத்தானே ஓடுது, புது நிறம் வரட்டும்’னு. அப்ப என்ன சொன்னீங்க? ‘பொறுத்துக்கிட்டே இருந்தா மனுஷன் கிழவனாயிடுவான்’னு சொன்னீங்க. கையில தோசைக் கரண்டி மாதிரி அந்தப் பழைய மிஷினைத் தூக்கி ஆட்டி ஆட்டிச் சொன்னீங்க.

மசனோரி: இப்ப யோசிச்சுப் பார்த்தா நீ சொன்னதுதான் சரின்னு படுது.

சட்சுகி: நான் சொன்னது சரியா?

மசனோரி: ஆமா.

சட்சுகி: கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல இதைச் சொல்றது இதுதான் மொத தடவை. இதுல ஏதோ இருக்கு.

மசனோரி: ஒரு மனுஷன் புத்தி வந்து பேசினா சந்தோஷப்படணும்.

சட்சுகி: புத்தி ஏன் வந்துதுன்னுதான் கேக்கறேன். விலை பயமா?

மசனோரி: அதுவும்தான். கொஞ்ச நாள் போனா இறங்கும்.

சட்சுகி: பழைய மிஷின் விலை ஏழு வருஷத்துல ஒரு யென் இறங்கிச்சா? ஏறித்தானே போச்சு? அந்தக் கணக்கை வரைபடம் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டினது யாரு?

மசனோரி: …நான்தான்.

சட்சுகி: எல்லாத்துக்கும் நீங்கதான். இப்ப ‘வேண்டாம்’க்கும் நீங்கதான். ஒரே ஆளுதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.

மசனோரி: வேண்டாம்னு சொல்லல. இப்ப வேண்டாம்னு…

சட்சுகி: இந்தக் கடையில மொதச் சுற்றுக்கு நீங்க பேரே போடல. அது ஏன்?

மசனோரி: மறந்துட்டேன்.

சட்சுகி: நீங்களா? கடைசித் தேதி எல்லாம் போன்ல மணியடிக்கிற மாதிரி வெச்சிருந்தீங்க. குளிக்கிற தொட்டிக்குள்ள உக்காந்துகிட்டுப் பேர் போட்ட ஆளு நீங்க. ‘எங்க கம்பெனி வேலையில கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது’ன்னு சொல்லிச் சிரிச்சீங்க.

மசனோரி: வேலை ஜாஸ்தி. மார்ச் மாசம். கணக்கு முடிக்கிற நேரம்.

சட்சுகி: நீங்க பேர் போடலைன்னு தெரிஞ்சதும்தான் எனக்கு உறைச்சுது. சரி, நாமளே போட்டுப் பாப்போம்னு போட்டேன்.

மசனோரி: எனக்கு ஒரு விஷயம் புரியல. உனக்கு எப்பலேர்ந்து இதுல இவ்வளவு ஆசை? நான் பேர் போடும்போதெல்லாம் ‘நாப்பத்தாறு வயசுல பொம்மை கேக்குது’ன்னு தலையில அடிச்சுக்குவே.

சட்சுகி: ஆசை வரக் கூடாதா?

மசனோரி: வரலாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வரணுமா?

சட்சுகி: ஓ… சொல்லாம செய்யறது தப்பா? சொல்லுங்க, சொல்லுங்க. சொல்லாம செய்யறதைப் பத்திப் பேசுங்க.

மசனோரி: ஏன் அந்த மாதிரிப் பார்க்கிற?

சட்சுகி: எந்த மாதிரி?

மசனோரி: பல்லுல ஓட்டை தேடற மாதிரி. ஆஸ்பத்திரியில நாற்காலியில படுத்திருக்கிறவங்களைப் பார்க்கிற மாதிரி.

சட்சுகி: இருபது வருஷமா ஜனங்க பல்லைச் சுத்தம் பண்றேன். ‘தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன்’னு வாய் சொல்லும். பல்லு வேற சொல்லும். நீங்க வாயை மூடிக்கிட்டே உக்காந்திருக்கீங்க, அதான் வித்தியாசம்.

மசனோரி: கொஞ்ச நாளா நீயும்தான் ஒரு மாதிரி இருக்கே.

சட்சுகி: நானா? என்ன மாதிரி?

மசனோரி: என்னைத் திட்டவே மாட்டேங்கிற. சாக்ஸை அப்படியே போட்டேன். எடுத்து வெச்சுட்டே. ஒரு வாரத்துல மூணு தடவை உருளைக்கிழங்கு கொரொக்கே பொரிச்சுக் குடுத்தே. சாதாரணமா என் பொறந்த நாளுக்குக் கூட ‘கடையில வாங்கிக்கோங்க’ன்னுதானே சொல்லுவே?

சட்சுகி: நல்லா இருந்தாலும் சந்தேகமா?

மசனோரி: நல்லா இருக்கிறதாலதான் சந்தேகம்.

சட்சுகி: சரி, சந்தேகம்னு வந்தப்புறம் ரெண்டு பேரும் கொட்டிடுவோம். மொதல்ல நான். எதுக்குக் கோட்டு வாங்கினீங்க?

மசனோரி: எந்தக் கோட்டு?

சட்சுகி: அலமாரிக்குப் பின்னாடி பையோட நிக்குதே, முட்டிக்குக் கீழே வரைக்கும் தொங்கற கோட்டு. மார்ச் மாசம். ஒசாகாவுல பிளம் பூ உதிர்ந்தே போச்சு.

மசனோரி: குளிர்காலம் முடிஞ்சதும் பாதி விலைக்குப் போடுவாங்க. அடுத்த வருஷத்துக்கு ஆச்சுன்னு…

சட்சுகி: அடுத்த வருஷம் ஒசாகாவுல பனிமலை முளைக்குமா? அது உள்ள பறவை இறகு அடைச்ச கோட்டு. நான் போட்டுப் பார்த்தேன். ரெண்டு நிமிஷத்துல வேர்த்து ஊத்திச்சு.

மசனோரி: நீ ஏன் அலமாரிக்குப் பின்னாடி போனே?

சட்சுகி: வீடு பெருக்கறவ அலமாரிக்குப் பின்னாடி போவா. அடுத்தது. போன செவ்வாய்க்கிழமை என்கிட்ட என்ன கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?

மசனோரி: என்ன கேட்டேன்?

சட்சுகி: ‘ஒரு ஆளுக்கு மிசோ சூப் வைக்கணும்னா எவ்வளவு மிசோ விழுது போடணும்’னு கேட்டீங்க.

மசனோரி: சும்மா… தெரிஞ்சுக்கலாம்னு.

சட்சுகி: பதினெட்டு வருஷமா அடுப்பு எந்தப் பக்கம் திருகினா எரியும்னு தெரியாத மனுஷன், திடீர்னு மிசோ அளவு கேக்கறாரு. அதுவும் ஒரு ஆளுக்கு. நான் அளவைச் சொன்னதும் போன்ல குறிச்சு வேற வெச்சுக்கிட்டாரு.

மசனோரி: நீ என்ன… எனக்கு வேற யாரோ இருக்கான்னு…

சட்சுகி: வேற பொம்பளை இருந்தா அவளே சூப் வெச்சுக் குடுப்பா. அந்தச் சந்தேகம் ஒரு ராத்திரிதான் இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு.

மசனோரி: ஒரு ராத்திரி இருந்துச்சா?

சட்சுகி: இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு. நீங்க பக்கத்துலதான் வாயைப் பொளந்துகிட்டுத் தூங்கறீங்க, ஆனா இந்த ஆளு நாளைக்கு இங்க இருப்பாரான்னு தோணிச்சு. அப்படி ஒரு ராத்திரியை எனக்குக் குடுத்ததுக்கே உங்களைத் திட்டணும். திட்டல.

மசனோரி: சட்சுகி…

சட்சுகி: இப்ப உங்க முறை. என்ன ஒளிக்கிறீங்க?

மசனோரி: …ஒண்ணும் இல்ல. சூப் கூட… நீ லேட்டா வர்ற நாள்ல நானே வெச்சுக் குடிக்கலாம்னுதான்.

சட்சுகி: அப்படியா.

மசனோரி: ஆமா.

சட்சுகி: நல்லது. அப்ப கிளம்புங்க, கீழே போய் மிஷினை வாங்கலாம். ஒண்ணும் இல்லைன்னா வாங்கறதுக்கு என்ன தடை?

மசனோரி: உக்காரு, உக்காரு. நீ எதுக்கு அலையற? நான் போய் வாங்கிட்டு வர்றேன். நீ இன்னொரு சோடா குடி.

சட்சுகி: பேர் விழுந்த ஆளு நேர்ல வரணும். அடையாள அட்டையோட. இது உங்களுக்குத் தெரியாதா?

மசனோரி: ஓ… ஆமா இல்ல? கடையோட எந்தக் கார்டுல பேர் போட்டே? உன் பேருல தனியா கார்டு எடுத்தியா?

சட்சுகி: எதுக்குத் தனியா? நம்ம குடும்பக் கார்டுதான். ரெண்டு வருஷத்துல இந்தக் கடையில அம்பதாயிரத்துக்கு மேல வாங்கியிருந்தாத்தான் குலுக்கல்ல சேர்ப்பாங்களாமே? வாஷிங் மெஷின் வாங்கினது அந்தக் கார்டுலதானே இருக்கு.

மசனோரி: குடும்பக் கார்டா?

சட்சுகி: ஏன் இருமறீங்க?

மசனோரி: காபி… புரை ஏறிடுச்சு.

சட்சுகி: கப் காலியா இருக்கே.

மசனோரி: சட்சுகி, இன்னிக்கு வேண்டாம். நான் மனசாரச் சொல்றேன். அடுத்த மாசம் வாங்கலாம். ஏப்ரல்ல.

சட்சுகி: ஏப்ரல்ல என்ன?

மசனோரி: ஏப்ரல்ல… புது கேம் எல்லாம் வரும். இப்ப வாங்கி என்ன ஆடறது? பழைய கேம்ல அதே பண்ணை, அதே முள்ளங்கி.

சட்சுகி: பண்ணையைக் குறை சொல்லாதீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து வளர்த்த பண்ணை. உங்க மேனேஜர் பேரை ஆட்டுக்கு வெச்சு தினமும் கயிறு போட்டு இழுக்கறீங்க, அது கசந்துடுச்சா?

மசனோரி: கசக்கல.

சட்சுகி: நிஜமாவா?

மசனோரி: அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்… சரி விடு. கசக்கல.

சட்சுகி: எழுந்திருங்க. பில்லை எடுங்க.

மசனோரி: டோரியா சோறு பாதி இருக்கு.

சட்சுகி: அது உங்க தட்டு இல்ல. என்னுது. எழுந்திருங்க.

மசனோரி: சரி, சரி. பில்லைக் கட்டிட்டு வர்றேன்.

சட்சுகி: படியில இறங்கும்போது ஏன் அவ்வளவு பின்னாடி நிக்கறீங்க? ஓடிப் போற திட்டமா?

மசனோரி: தானா ஓடற படியில எங்க ஓடறது?

சட்சுகி: வாங்க. அதோ, ‘குலுக்கல் விநியோகம்’னு போட்டிருக்கு. வரிசையில நாலு பேர்தான்.

மசனோரி: கடைசியா ஒரு தடவை சொல்றேன். ஒரு மாசம். ஒரே மாசம் பொறு.

சட்சுகி: நானும் கடைசியா ஒரு தடவை கேக்கறேன். ஏன்?

மசனோரி: …பேட்டரி சீக்கிரம் தீருதாம்.

சட்சுகி: சரி. பேட்டரி. அப்படியே இருக்கட்டும்.

கடைப்பெண்: அடுத்தவங்க வாங்க! வணக்கம். குலுக்கல்ல பேர் வந்ததுக்கு வாழ்த்துக்கள். மெயிலும் அடையாள அட்டையும் காட்டறீங்களா?

சட்சுகி: இந்தாங்க.

கடைப்பெண்: தொகுனாகா சட்சுகி… விலாசம் சரியா இருக்கு. நன்றிங்க. பாயிண்ட் கார்டு?

சட்சுகி: ஏங்க, கார்டு உங்க பர்ஸ்லதானே?

மசனோரி: கார்டா… வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன் போல இருக்கே. அடடா. சரி, இன்னொரு நாள்…

சட்சுகி: மேல சாப்பாட்டு பில்லுக்கு நீட்டினீங்களே, அஞ்சு நிமிஷம் கூட ஆகல.

மசனோரி: …ஓ, அதுவா. இந்தா.

கடைப்பெண்: நன்றிங்க. இங்க சில விஷயம் சொல்லிடறேன். வாங்கி உடனே அதிக விலைக்கு விக்கறவங்க இருக்காங்க. அதனால பொட்டியை உங்க முன்னாடியே நான் பிரிச்சுடுவேன். பொட்டி மேல வாங்கறவங்க முழுப் பேரையும் மார்க்கர்ல எழுதிடுவேன். பரவாயில்லைங்களா?

சட்சுகி: தாராளமா எழுதுங்க.

கடைப்பெண்: ஒரு நிமிஷம்… இதுல இன்னொண்ணு காட்டுது. இந்தக் குடும்பக் கார்டுலேர்ந்து ரெண்டாவது சுற்றுக்கும் ஒரு விண்ணப்பம் இருக்குங்க.

சட்சுகி: ரெண்டாவது சுற்றா? யாரு பேருல?

கடைப்பெண்: தொகுனாகா மசனோரி.

சட்சுகி: அது இவருதான். மறந்து போற மனுஷன்.

மசனோரி: அது… அது தெரியாம அழுத்தினது.

கடைப்பெண்: ஒரு வீட்டுக்கு ஒண்ணுதாங்க விதி. இதை இன்னிக்கு வாங்கினீங்கன்னா அந்த விண்ணப்பம் தானா ரத்தாயிடும். அதான் கேட்டுக்கறேன். அது வேற ஊர் கிளைங்கறதால, ஒருவேளை பிரிஞ்சு இருக்கிற குடும்பமோன்னு…

சட்சுகி: எந்த ஊர் கிளை?

மசனோரி: பொண்ணே, அதைச் சொல்லணும்னு அவசியம் இல்லையே?

கடைப்பெண்: மன்னிச்சுக்கோங்க, நான்…

சட்சுகி: கார்டுல என் பேரும் இருக்கும்மா. எந்தக் கிளை?

கடைப்பெண்: …அகிதா ஸ்டேஷன் கிளைங்க. ஏப்ரல் பத்தாம் தேதிக்கு மேல அங்க வந்து வாங்கிக்கிறதா போட்டிருக்கு.

சட்சுகி: அகிதா.

கடைப்பெண்: ஆமாங்க. வடக்க…

சட்சுகி: அகிதா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. பறவை இறகு அடைச்ச கோட்டு போட்டுக்கிட்டுப் போற ஊரு.

மசனோரி: சட்சுகி, கொஞ்சம் இப்படி ஓரமா வா.

கடைப்பெண்: நீங்க பேசிட்டு வாங்க. பொட்டியைத் தனியா எடுத்து வைக்கிறேன். அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்.

சட்சுகி: நன்றிம்மா. ரொம்ப நேரம் ஆகாது.

மசனோரி: இந்த போன் உறை மாட்டியிருக்கிற பக்கம் நிக்கலாம். இங்க யாரும் இல்ல.

சட்சுகி: சொல்லுங்க. இப்பவாவது.

மசனோரி: மாத்திட்டாங்க. ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலேர்ந்து அகிதா கிளை. மூணு வருஷம்.

சட்சுகி: எப்ப சொன்னாங்க?

மசனோரி: பிப்ரவரி கடைசியில கூப்பிட்டு ரகசியமா சொன்னாங்க. அறிவிப்பு ஒட்டற வரைக்கும் வெளியில யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாங்க.

சட்சுகி: நான் வெளியிலயா?

மசனோரி: கம்பெனி விதி…

சட்சுகி: கேக்கறேன். நான் வெளியிலயா?

மசனோரி: இல்ல. அது சாக்கு. எனக்குத் தெரியும். எல்லாரும் அன்னிக்கே வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டி கிட்ட சொல்லிடுவாங்க. நான்தான் சொல்லல.

சட்சுகி: கம்பெனிக்கு என்ன கேடு? வீடு வாங்கி மூணு வருஷம்தானே ஆச்சு.

மசனோரி: எல்லாரும் சொல்றதுதானே, வீடு வாங்கினா உடனே மாத்துவாங்கன்னு. நமக்கு மூணு வருஷம் கழிச்சு வந்திருக்கு. அந்த மட்டும் நல்லது.

சட்சுகி: சிரிக்க வைக்கப் பார்க்காதீங்க. தனியா போறதா முடிவு பண்ணிட்டீங்க. அப்படித்தானே?

மசனோரி: ஆமா.

சட்சுகி: எப்ப முடிவு பண்ணீங்க?

மசனோரி: அன்னிக்கே. ரயில்ல வரும்போது.

சட்சுகி: நாலு ஸ்டேஷன். நாலு ஸ்டேஷனுக்குள்ள மூணு வருஷத்தை முடிவு பண்ணிட்டீங்க.

மசனோரி: வேற என்ன செய்ய? நீ இப்பதான் அந்தப் பல் ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் மேல வந்திருக்கே. பன்னெண்டு வருஷம் ஆச்சு அதுக்கு. அதை விட்டுட்டு வான்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?

சட்சுகி: இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத்தான். வேற மூஞ்சி இருக்கா?

மசனோரி: ஒரு தடவை கேட்டேன். மட்சுயாமாவுக்கு மாத்தினப்ப கேட்டேன். நீ வேலையை விட்டுட்டு வந்தே. ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதே. எனக்குக் கேட்டுச்சு.

சட்சுகி: கேட்டுச்சா?

மசனோரி: கேட்டுச்சு. கதவுக்கு வெளியில நின்னேன்.

சட்சுகி: நின்னீங்க, தட்டல.

மசனோரி: தட்டல. தட்டி என்ன சொல்றதுன்னு தெரியல. அதுக்கப்புறம் சத்தியம் பண்ணிக்கிட்டேன், இனிமே இவளை எங்கயும் இழுத்துக்கிட்டுப் போகக் கூடாதுன்னு.

சட்சுகி: யாரு கிட்ட சத்தியம்?

மசனோரி: என்கிட்டயே.

சட்சுகி: நான் எதுக்கு அழுதேன்னு தெரியுமா?

மசனோரி: ஊர் பிடிக்கல. வேலை போச்சு. தெரிஞ்சவங்க யாரும் இல்ல.

சட்சுகி: அன்னிக்கு என் பொறந்த நாள். நீங்க ராத்திரி பத்து மணிக்கு வந்து ‘என்ன சாப்பாடு’ன்னு கேட்டீங்க. அதுக்கு அழுதேன். ஊருக்கு இல்ல.

மசனோரி: …அதுவா?

சட்சுகி: அதுதான். கதவைத் தட்டியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பதினஞ்சு வருஷமா ஒரு தப்பான அழுகையைச் சுமந்துக்கிட்டுத் திரியறீங்க.

மசனோரி: எனக்கு எப்படித் தெரியும்?

சட்சுகி: கேட்டாத் தெரியும்! அம்பதாயிரம் யென் பொம்மைக்கு நாலு மாசம் என் கருத்தைக் கேட்டீங்க. இப்ப வாங்கலாமா, பொறுக்கலாமா, கறுப்பா, சிவப்பா, திரை மேல ஒட்டற கண்ணாடி வேணுமா வேண்டாமான்னு உயிரை எடுத்தீங்க. இதுக்கு ஒரு வார்த்தை கேக்கல.

மசனோரி: உனக்கு நல்லதுன்னுதான்…

சட்சுகி: எனக்கு நல்லதை என்கிட்ட கேக்காமலே பண்ணிக் குடுக்கற ஆளு எனக்கு வேண்டாம்.

மசனோரி: கத்தாத. ஆளுங்க பார்க்கிறாங்க.

சட்சுகி: பார்க்கட்டும். அகிதாவுல ஜனங்களுக்குப் பல்லு கிடையாதா? அங்கயும் வாயைத் திறந்தா பல்லுதானே இருக்கும்? 

மசனோரி: பல்லு இருக்கும். ஆனா அங்க நீ மறுபடியும் அடியிலேர்ந்து தொடங்கணும். அது உனக்குப் பரவாயில்லைன்னு நான் சொல்ல முடியுமா?

சட்சுகி: முடியாது. அதைச் சொல்ல வேண்டியது நான். பரவாயில்லையா, இல்ல கஷ்டமா, ரெண்டையும் நான்தான் சொல்லணும்.

மசனோரி: சரி.

சட்சுகி: சரின்னா?

மசனோரி: தப்பு என்னுது. சரி.

சட்சுகி: அந்த மிஷின் எதுக்கு? அகிதாவுல போய் வாங்கறதுக்கு எதுக்குப் பேர் போட்டீங்க?

மசனோரி: சொன்னா சிரிப்பே.

சட்சுகி: சிரிக்கிற நிலைமையிலயா இருக்கேன்?

மசனோரி: கம்பெனி குடுக்கற அறை ஆறு பாய் விரிக்கிற அளவுதான். ராத்திரி போய் ஒத்தையா உக்காரணும். நீ இங்க பழசுல உக்காந்துக்குவே, நான் அங்க புதுசுல. நெட்ல சேர்ந்து அதே பண்ணையில வேலை பார்க்கலாம். ஒன்பது மணிக்கு. வழக்கம் போல. அந்த ஒரு மணி நேரம் மட்டும் போகாம இருந்தா மூணு வருஷத்தைத் தள்ளிடலாம்னு நினைச்சேன்.

சட்சுகி: அதுக்கு மொதச் சுற்றுலயே பேர் போட்டிருக்கலாமே?

மசனோரி: வீட்டுல புதுசு வந்துட்டா, ‘இது யாருக்கு’ன்னு பேச்சு வரும். பேச்சு வந்தா நான் உளறிடுவேன். அதான் மொதச் சுற்றுக்குப் பேர் போடல. நீ போடுவேன்னு கனவுலயும் நினைக்கல.

சட்சுகி: நீங்க ஒரு மடையன்.

மசனோரி: ஆமா.

சட்சுகி: முள்ளங்கி பிடுங்கறதுக்கு எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி உக்காந்துக்கிட்டு நான் ‘குட் நைட்’ சொல்லணுமா?

மசனோரி: நான் இப்ப கேக்கறேன், சட்சுகி. லேட்டுதான். ஆனா கேக்கறேன். நீ வர்றியா?

சட்சுகி: இப்பவா? போன் உறைக்கு நடுவுல நின்னுக்கிட்டா?

மசனோரி: வேற எங்க போய்க் கேக்கறது? வெளியில வரிசை நிக்குது.

சட்சுகி: மணி என்ன?

மசனோரி: நாலு அம்பது. பதில் சொல்லு.

சட்சுகி: மொதல்ல பொட்டி. வாங்க.

மசனோரி: சட்சுகி!

சட்சுகி: பொண்ணே, காக்க வெச்சுட்டோம், மன்னிச்சுக்கோம்மா. நான் வாங்கிக்கிறேன்.

கடைப்பெண்: நல்லதுங்க. அப்ப அகிதா கிளை விண்ணப்பம்…

சட்சுகி: ரத்து பண்ணிடுங்க.

கடைப்பெண்: உறுதிதானேங்க? ஒரு தடவை ரத்தானா திரும்பச் சேர்க்க முடியாது.

சட்சுகி: உறுதி. ஒண்ணு போதும்.

மசனோரி: கொஞ்சம் இரும்மா, அழுத்தாத. சட்சுகி, ஒண்ணு போதும்னா என்ன அர்த்தம்? இந்த மாசம் இருபத்தெட்டாம் தேதி நான் கிளம்பறேன். அதுக்கப்புறம் அந்த ஒண்ணு யாரு கிட்ட இருக்கும்? உன்கிட்டயா, என்கிட்டயா?

சட்சுகி: போன வெள்ளிக்கிழமை, வீடு மாத்தற கம்பெனிலேர்ந்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டாங்க. ‘இருபத்தெட்டாம் தேதி, அகிதா, ஒரு ஆள் சாமானுக்குச் சின்ன வண்டி, சரிதானேங்க?’ன்னு கேட்டாங்க. ‘தப்பா எழுதியிருக்கீங்க, ரெண்டு ஆளு, பெரிய வண்டியா அனுப்புங்க’ன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்.